பெயர் அழிந்த பஸ் : ‘தன்னாட்சி’ பற்றிச் சில கேள்விகள்

பொதுத்துறைச் சீர்திருத்தம் பற்றிய சொல்லாடலில் ‘அரசியல் தலையீடு’ நோய், ‘தன்னாட்சி’ மருந்து. இந்த எதிர்வை ராஜபாளையம் - ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் வைத்துக் கேள்விக்குட்படுத்த வேண்டியிருக்கிறது.

1997 மே 1இல் விருதுநகர் மாவட்டத்துக்கான புதிய போக்குவரத்துக் கழகம் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் தொடங்கப்பட்டது. சுந்தரலிங்கம் கட்டபொம்மனின் தளபதி, தேவேந்திரர். திருநெல்வேலிப் பக்கம் கட்டபொம்மன் பெயரிலேயே ஒரு கழகம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஏறியவர்களுக்கு அவருடைய தளபதியின் பஸ் தீட்டாகிவிட்டது. ஏறமாட்டோம்னாங்க, கல்லெறிஞ்சாங்க. இந்த இரண்டு ஊர்களைச் சுற்றியும் கலவரம் பரவியது, உயிர்கள் போயின. ஜூலையில் அரசு எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை நீக்கியது. ஒரு பெயரைச் சகிக்காதவர்களுக்காக எல்லாப் பெயர்களும் அழிக்கப்பட்டன. இதற்கு ‘நடுநிலை’ என்று பெயர்.

அதே ஜூலையில்தான் மத்திய அரசு ஒன்பது பொதுத்துறை நிறுவனங்களை ‘நவரத்தினங்கள்’ என்றழைத்து, அவற்றின் இயக்குநர் குழுக்களுக்கு முதலீட்டு முடிவுகளில் கூடுதல் சுதந்திரம் கொடுத்தது. நமது கழகங்களும் சட்டப்படி கம்பெனிகள்தாம். இயக்குநர் குழு உண்டு, மேலாண்மை இயக்குநர் உண்டு. ஆனால் டிக்கெட் விலை கோட்டையில் முடிவாகிறது. 2018 ஜனவரியில் கட்டணத்தை ஏற்றியதும், போராட்டம் வெடித்தபின் கொஞ்சம் குறைத்ததும் அரசுதான்.

அப்படின்னா கழகத்தைக் கோட்டையிடமிருந்து விடுவித்தால் போதுமா? எனக்குச் சந்தேகம். வசூலை மட்டும் பார்க்கும் குழு சுந்தரலிங்கம் பெயரை வைத்திருக்குமா? 2021இல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு வந்த கட்டணமில்லாப் பயணத்தை எந்த மேலாண்மை இயக்குநராவது தானாக அறிவித்திருப்பாரா? இரண்டையும் சாத்தியமாக்கியது அரசியல்தான். ஆனால் பெயரை வைத்த அதே கைதான் அதை எடுத்தும் கொண்டது. கல்லடிக்கு நடுவே ஸ்டியரிங் பிடித்த டிரைவருக்கும், அந்தப் பெயரைத் தன் பெயராக உணர்ந்த பயணிக்கும் அந்த முடிவில் என்ன இடம் இருந்தது?

‘தன்னாட்சி’ பேசுகிறவர்கள் அமைச்சருக்கும் அதிகாரிக்கும் இடையிலான பாகப்பிரிவினையைப் பேசுகிறார்கள். தொழிலாளியும் பயணியும் கேள்வி கேட்கிற இடம் அந்தக் கணக்கில் வருவதேயில்லை. அது வராதவரை, அதிகாரம் கோட்டையில் இருந்தாலும் டிப்போவில் இருந்தாலும், ஊரின் ஆதிக்க சாதி மிரட்டினால் இரண்டுமே பணியும்.

இன்று இந்தச் சாலையில் ஓடும் அரசு பஸ்ஸில் எந்தத் தலைவர் பெயரும் இல்லை. எல்லோரும் ஏறுகிறோம். பெயர் இருந்த இடத்தை வெற்றிடமாக்கியதில் ஜெயித்தது யார் என்பது மட்டும் இங்கே எல்லோருக்கும் தெரியும்.