ஊழ் யாருக்குக் கேடயம்?

சிலப்பதிகாரத்தைப் பற்றி மேடையேறிப் பேசுவோரிற் பெரும்பாலார், அது ஊழின் வலிமையைக் காட்ட எழுந்த நூல் என்று கூறி அமர்ந்துவிடுகின்றனர். நூலின் பதிகம் உணர்த்தும் உண்மைகளோ மூன்று. ஊழ் அவற்றில் ஒன்றே. ஆட்சியில் தவறியவனை அறமே எமனாக நின்று தண்டிக்கும் என்பது அவற்றில் முதலாவது. முதலாவதை மறைத்து மூன்றாவதை மட்டும் முழங்குவது நூலுக்கு இழைக்கும் அநீதி. கேட்டிருக்கும் ஏழை மக்களுக்கு இழைக்கும் அநீதி அதனினும் பெரிது.

கதைப்போக்கை ஊன்றி நோக்குவோம். பொற்கொல்லன் சொல்லை நம்பிப் பாண்டியன் விசாரணையின்றிக் கொலைக்கு ஆணையிட்டபோது, வினை விளையும் காலம் அது என்று ஒரு காரணத்தைக் கவிஞரே எடுத்துத் தருகிறார். மன்னன் விரும்பியிருந்தால் அதையே கேடயமாகப் பிடித்திருக்கலாம். ஆனால் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த கணத்தில் அவன் ஊழையும் பழிக்கவில்லை, பொற்கொல்லனையும் பழிக்கவில்லை. குற்றம் தன்னுடையதே என்று கூறி உயிர் நீத்தான். கோவலன் முற்பிறப்பிற் செய்த தீமையை மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு உரைப்பது அதற்குப் பின்னரே. ஆளுவோன் தன் பழியை ஏற்றுக்கொண்ட பிறகே ஊழின் கதை சொல்லப்படுகிறது. இவ்வரிசை தற்செயலாக அமைந்தது என்று நாம் கருதவில்லை.

வள்ளுவரும் அவ்வாறே ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினைக்கு ஓர் அதிகாரமும் வகுத்து, ஒன்றில் ஊழே பெரிதென்றும் மற்றொன்றில் தளரா முயற்சி அதனையும் புறங்காணும் என்றும் கூறினார். இதை முரண்பாடு என்று கொண்டு உரையாசிரியர்கள் இடர்ப்படுகின்றனர். அடிபட்டவன் காயத்திற்கு மருந்தாகச் சொல்லும் சொல் வேறு, அவனை எழுப்பி நிறுத்தச் சொல்லும் சொல் வேறு என்று கொண்டால் இடர்ப்பாடு நீங்கும்.

இனிக் கெடாவுக்கு வருவோம். 1025-இல் இராசேந்திர சோழன் கடாரம் வென்ற பெருமையைப் பாடாத தமிழ் மேடை இல்லை. அந்தக் கடாரத்து மண்ணிலேயே கங்காணியின் முன்பணத்திற்குக் கட்டுப்பட்டு நம்மவர் இரப்பர் மரம் சீவினர். கூலி குறைவு, வீடு தோட்டத்தாருடையது, வேலை போனால் கூரையும் போகும். கள்ளுக்கடையோ அரசாங்க அனுமதியுடன் தோட்டத்துக்கு உள்ளேயே நின்றது. இந்நிலையில் ஒருவன் குடித்துக் கெட்டான் என்றால் இரண்டு குரல்கள் எழுந்தன. ஒன்று, "எல்லாம் அவன் தலையெழுத்து" என்றது. மற்றொன்று, "எல்லாம் அவன் ஒழுக்கக்கேடு" என்றது. இவை ஒன்றற்கொன்று பகை போலத் தோன்றும். உண்மையிலோ இரண்டும் உடன்பிறந்தவை. ஒன்று பழியை முற்பிறப்பிற் போடுகிறது. மற்றொன்று குடித்தவன் தலையிலேயே முழுவதையும் சுமத்துகிறது. கடையைத் திறந்து வைத்தவன் இரண்டிலும் தப்பிக்கொள்கிறான்!

இவ்விரு குரல்களுக்கும் தொழிலாளரே விடை கூறினர். 1946, 1947-ஆம் ஆண்டுகளில் ஹார்வார்டு தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் எழுந்த தொண்டர் படையினர், குடிப்பழக்கத்தைத் தலையெழுத்து என்று விட்டுவிடவில்லை. தோழர்களைக் குடிக்காதிருக்கச் செய்ய முயன்றனர். அதாவது, தம் பங்கைத் தாமே ஏற்றனர். அத்துடன் நில்லாமல் கள்ளுக்கடைகளின் முன் மறியலும் செய்தனர். பிறர் பங்கை அவர்களுக்கே உணர்த்தினர். 1947 தொடக்கத்தில் பீடோங் வட்டாரத்தில் போலீசாருடன் மோதல் நேர்ந்தது, உயிர் போயிற்று, பலர் சிறை புகுந்தனர். தன் கையிலுள்ளதற்குத் தான் பொறுப்பு, பிறர் கையிலுள்ளதற்குப் பிறர் பொறுப்பு என்ற எளிய நீதிக்கு அவர்கள் கொடுத்த விலை அது.

பொறுப்பின் எல்லை யாதெனில், அதிகாரத்தின் எல்லையே என்போம். மாற்றும் வல்லமை எவ்வளவோ, பழியும் அவ்வளவே. ஆணையிடும் செங்கோல் உள்ளவன் ஊழைப் பேசலாகாது. அவ்வல்லமை இல்லாதவனை நோக்கி, "உன் கேடு முழுவதும் உன்னாலேயே" என்பதும் தகாது. ஆயினும் ஏழைக்குப் பொறுப்பே இல்லை என்று இரங்குவதும் அவனை மனிதனாக மதிப்பதாகாது. மறியலில் நின்றவர்கள் அத்தகைய இரக்கத்தை வேண்டி நிற்கவில்லை.

தோட்டத்து வாழ்வைக் கதையாகவும் நாடகமாகவும் எழுதும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இறுதிக் காட்சியில் குடிகாரன் மனந்திருந்தி அழுவதோடு திரையை இறக்கிவிடாதீர்கள். அந்தக் கண்ணீருக்குப் பின்னும் கடை திறந்திருக்கிறதா, திறந்து வைத்தவன் யார் என்று ஒரு பாத்திரமேனும் கேட்கட்டும். கண்ணகி கேட்டாள், ஊழை நம்பிய காப்பியமும் அவள் கேள்வியைத் தடுக்கவில்லை.