பாதிச் சேலை

பட்டுச் சேலைக்குப் பின்னால் ஒரு தராசு இருக்கிறது. ஆரணியிலும், பக்கத்தில் சேவூர், முள்ளிப்பட்டு, தேவிகாபுரம் போன்ற ஊர்களிலும் நெசவாளரிடம் நூலையும் ஜரிகையையும் எடை போட்டுத்தான் கொடுப்பார்கள். நெய்து முடித்த சேலையும் தராசில் ஏறும். எடை குறைந்தால் பதில் சொல்லியாக வேண்டும். நூல் அவர் வீட்டிலேயே கிடந்தாலும் ஓர் இழைகூட அவருடையது இல்லை. பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’ படத்தை இந்தத் தராசை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

2009-ல் தியேட்டருக்கு வந்த படம். 2007-ம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த படம் இதுதான். பிரகாஷ்ராஜுக்குச் சிறந்த நடிகர் விருதும் கிடைத்தது. பஞ்ச் டயலாக், ஃபைட் எதுவும் கிடையாது. தியேட்டரில் கூட்டமும் கிடையாது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன?

எல்லோரும் இதை வறுமைப் படம் என்கிறார்கள். எனக்கு இது ஒரு பஸ் பயணம். வருஷம் 1948. ஜெயிலிலிருந்து இரண்டு நாள் பரோலில், போலீஸ் காவலோடு ஊருக்குப் போகிறான் வேங்கடம். வழியில் நடக்கும் சின்னச் சின்ன விஷயங்கள் பழசைக் கிளறுகின்றன. பட்டுச் சேலையோடுதான் பெண்டாட்டி வருவாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன், அது இல்லாமலே அன்னத்தைக் கட்டிக்கொண்டு வந்தது. பெண் குழந்தை பிறந்ததும், ‘உனக்குப் பட்டுச் சேலை கட்டித்தான் கல்யாணம் பண்ணுவேன்’ என்று அதன் காதில் சொன்னது. சேமித்த காசு தங்கை குடும்பத்துக்குப் போனது. பிறகு, முதலாளியின் கூடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நூலை வாயில் ஒளித்துக் கொண்டுவந்து, வீட்டில் ரகசியமாக நெய்தது.

பி.காம். படித்தவனுக்கு எதிலும் வரவு செலவுதான் கண்ணில் படும். ஒரு வாய் நூல் எவ்வளவு இருக்கும்? ஒரு சேலைக்கு எத்தனை வாய்? தாமரையின் மொத்தப் பிள்ளைப் பருவமும் அந்தக் கணக்கில் போய்விடுகிறது.

கிரேக்க இயக்குநர் ஆஞ்சலோபூலஸின் ‘வாயேஜ் டு சைதரா’ (1984) படத்திலும் ஒருவர் ஊர் திரும்புகிறார். உள்நாட்டுப் போரில் தோற்று சோவியத் நாட்டுக்குத் தப்பியோடிய கிழவர். 32 வருஷம் கழித்து வருகிறார். வந்த இடத்தில் ஊரே நிலத்தை விற்கத் தயாராக இருக்க, இவர் மட்டும் மாட்டேன் என்கிறார். கொள்கைக்காகக் குடும்பத்தைத் தொலைத்த மனிதர். நம்ம வேங்கடம் நேர் எதிர். சங்கம் வைத்து, வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்குகிறான். மகளுக்குக் கல்யாணம் கூடிவந்ததும், சேலையை முடிக்க நூல் வேண்டும் என்பதற்காகத் தான் தொடங்கிய வேலைநிறுத்தத்தைத் தானே உடைக்கிறான்.

படத்தின் உயிர் இங்கேதான் என்பேன். நூல் திருடியதை மன்னித்துவிடலாம், அவன் உழைப்பில் அதைவிட அதிகமாக முதலாளி எடுத்திருப்பார். ஆனால் பட்டினி கிடந்த சக நெசவாளிகளிடமிருந்து எடுத்ததை எந்தக் கணக்கில் எழுதுவது? பிரியதர்ஷன் இந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம். அவசரமாகக் கடந்துபோகிறார். திருவின் கேமராவுக்கும் ஒரு குறை சொல்வேன். ஃப்ரேம்கள் ஓவியம் மாதிரி அழகு. குடிசைகூட அழகாக இருந்தால் வயிறு பசிப்பது எப்படித் தெரியும்?

ஒரு விஷயம் கவனித்தீர்களா? அந்தச் சேலை தாமரை கேட்டு வாங்கிய வாக்கு அல்ல. பிறந்த குழந்தை என்ன கேட்கும்? அது அப்பன் தன் வீம்புக்குத் தானே கொடுத்துக்கொண்ட வாக்கு. அன்னத்துக்குச் செய்ய முடியாததன் பாக்கி, மகள் தலையில் ஏறிவிட்டது. பஸ்ஸில் பேசாமல் உட்கார்ந்து வரும் பிரகாஷ்ராஜின் முகத்தில் இதெல்லாம் இருக்கிறது.

முடிவைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பேச முடியாது, பார்க்காதவர்கள் மன்னிக்க. மகள் கிணற்றில் விழுந்து, உடம்பு அசையாமல் கிடக்கிறாள். பார்த்துக்கொள்ள ஒருவரும் இல்லை. தங்கை வீடும் கைவிரிக்கிறது. இவனுக்கு இருப்பது இரண்டே நாள். தன் கையாலேயே சோற்றில் விஷம் வைத்துக் கொடுக்கிறான். பிறகு தறியிலிருந்து அந்தப் பாதிச் சேலையை எடுத்து வந்து போர்த்துகிறான். முகத்தை மூடினால் கால் தெரிகிறது. காலை மூடினால் முகம் தெரிகிறது. இழுத்து இழுத்துப் பார்க்கிறான். அப்புறம் கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிக்கிறார் பிரகாஷ்ராஜ்.