விளக்கெரியும் அவையில் இருள்

நாடக மேடையில் ஒளியை உண்மையாகவும் இருளைப் பொய்யாகவும் கொள்வது நமக்குப் பழகிப்போன முறை. அமெரிக்க நாடக ஆசிரியர் டென்னசி வில்லியம்சின் 'எ ஸ்ட்ரீட்கார் நேம்டு டிசையர்' (1947) இதற்கு நல்ல சான்று. அதன் நாயகி பிளான்ச், தன் வயதையும் கடந்த காலத்தையும் மறைக்க வேண்டி, மின்விளக்கின்மேல் காகிதக் கூண்டு ஒன்றை மாட்டி வைக்கிறாள். அவளை மணக்க எண்ணியிருந்த மிட்ச் ஒருநாள் அதைக் கிழித்தெறிந்து, விளக்கொளியில் அவள் முகத்தை உற்றுப் பார்க்கிறான். மங்கல் அவளுக்குப் புகலிடம், வெளிச்சம் தண்டனை.

உத்திரமேரூர் வட்டாரச் சிற்றூர்களின் பாரதக் கூத்தில் நாம் காண்பது வேறு. இரவில் தொடங்கி விடியலில் முடியும் கலை அது. தீவட்டி போய்ப் பெட்ரோமாக்ஸ் வந்தது. பின்னர்க் குழல்விளக்கும் வந்தது. ஆயினும் பாஞ்சாலி துகில் உரியப்படும் அவையின் இருள் நீங்கவில்லை. திருதராட்டிரன் பிறவிக் குருடன். காந்தாரி தன் கண்களைத் தானே கட்டிக்கொண்டவள். இவ்விருவரையும்விட நம்மை அச்சுறுத்துவோர் வீடுமனும் துரோணனுமே. அவர்கள் எல்லாவற்றையும் காண்கிறார்கள். கண்டும் வாய் திறவாதிருக்கிறார்கள். வில்லியம்ஸ் விளக்கை மூடிக் காட்டிய தப்பித்தலைக் கூத்து விளக்கை ஏற்றி வைத்தே காட்டிவிடுகிறது. நம் கணிப்பில் இதுவே ஆழமானது.

துகிலுரியுமுன் துச்சாதன வேடதாரி கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்பு வேண்டும் வழக்கம் உண்டு. தான் செய்யவிருப்பது இன்னதென்று அறிந்து நிற்கும் அக்கலைஞனின் நேர்மை அவையோரிடம் இல்லை. அந்நேரத்தில் கட்டியக்காரனின் நகைச்சுவை மிகுமானால் அது குறையே; பார்ப்போரும் சிரிப்புக்குள் ஒளிந்துகொள்ள அது இடம் தருகிறது. ஆனால் இறுதிநாள் படுகளம் யாரையும் ஒளிய விடுவதில்லை. மண்ணால் செய்த துரியோதனன் பேருரு பகல் வெயிலில் கிடக்க, திரௌபதி கூந்தல் முடிக்கிறாள். இரவில் நடந்ததற்குப் பகலில், ஊர் நடுவே, கணக்குத் தீர்க்கப்படுகிறது. கணக்குக் காட்டாதவர் வாரியத்தில் அமரலாகாது என்று பத்தாம் நூற்றாண்டிலேயே கல்லில் வெட்டிய ஊரல்லவா உத்திரமேரூர்!

இயேசுவைத் தேடி இரவில் வந்த நிக்கதேமுவை யோவான் நற்செய்தியில் சந்திக்கிறோம். அவர் இருளில் வந்தாலும் ஒளியை நாடி வந்தவர். பின்னர், ஆண்டவரின் உடலை அடக்கம் செய்ய வெளிப்படையாகவே வந்து நின்றார். நாமோ பாஸ்காத் திருவிழிப்பில் கையில் மெழுகுதிரி ஏந்தி நிற்பவர்கள். அந்தத் திரியின் ஒளியிலேயே, தமிழகக் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் இறந்தோரையும் சாதியால் பிரிக்கும் எல்லைகளைக் கண்டும் காணாதிருக்கிறோம். வீடுமனின் இருக்கை காலியாக இல்லை; அதில் நாம் அமர்ந்திருக்கிறோம். விடியுமுன் எழுந்து ஒரு சொல் சொல்வோமா என்பதே கூத்து நம்முன் வைக்கும் கேள்வி.