எச்சரிக்கையும் நடுவுநிலையும்

பினாங்கு லிட்டில் இந்தியாவின் தேநீர்க் கடைகளில் அரசியல் பேசும் பெரியோரிடையே அவ்வப்போது எழும் வினா ஒன்றுண்டு. பயங்கரவாதத்தின் அபாயத்தை முன்னரே உணர்ந்த தலைவர் யார்? உணராது வாளாவிருந்தவர் யார்? இவ்வினா புதிதன்று. 1948ஆம் ஆண்டில் மலாயா முழுவதும் இது பெரும் பூசலாக எழுந்தது. அப்பூசலைக் கூர்ந்து நோக்குவார்க்கு, வினாவிலேயே ஒரு குறை மறைந்து கிடப்பது புலனாகும்.

அவ்வாண்டு ஜூன் 16ஆம் நாள் பேராக் மாநிலச் சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்ட நிருவாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சில நாள்களுக்குள் கூட்டரசு முழுமைக்கும் அவசரகாலம் விரிந்தது. உயர் ஆணையர் சர் எட்வர்டு கென்ட் அபாயத்தை அலட்சியம் செய்தார் எனத் தோட்டத் துரைமாரும் ஆங்கில நாளேடுகளும் கடிந்துரைத்தனர். லண்டனுக்குத் திரும்ப அழைக்கப்பட்ட அவர், ஜூலை 4 அன்று அந்நகரை நெருங்கிய வேளையில் விமான மோதலில் மாண்டார். ஆயின், உளவறிந்து உரைக்க வேண்டிய மலாயாப் பாதுகாப்புப் பிரிவே, கொலைகளுக்கு இரு நாள் முன்னர், உடனடி அபாயம் இல்லை என்றும், நிலைமை ஆபத்தாக மாறக்கூடும் என்றும் இருபொருள்பட எழுதியிருந்தது. அங்ஙனமாயின் பழி முழுவதையும் ஒருவர் தலைமேல் சுமத்துதல் எங்ஙனம் நீதியாகும்?

உரக்கக் குரலெழுப்பியோர் விரும்பிய கடுமை விரைவில் சட்டமாயிற்று. விசாரணையின்றிக் காவலில் வைக்கலாம். உரிமமின்றித் துப்பாக்கி ஏந்தினால் தூக்கு. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர் அனைவரும் அடையாள அட்டை பெறவேண்டியதாயிற்று; பினாங்கு மார்க்கெட் தெருக் கடைச் சிப்பந்தியும் அதற்கு விலக்கல்லர். தொழிற்சங்கத் தலைவராய் விளங்கிய எஸ்.ஏ.கணபதி, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்திற்காக 1949 மே 4ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசின் வேண்டுகோளும் பயன்தரவில்லை. அவருடைய அரசியலை ஏற்போரும் உளர், மறுப்போரும் உளர். எனினும் ஒருவரையும் கொன்றதாகத் தீர்ப்பளிக்கப்படாத ஒருவரின் உயிர் பறிக்கப்பட்டது என்பதை எவரும் மறுத்தற்கில்லை.

அக்கடுமையால் அபாயம் அகன்றதா? அப்போது ஆட்சிப் பொறுப்பில் இருந்த உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னியே 1951 அக்டோபர் 6 அன்று பிரேசர் மலைச் சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். நான்காண்டு கழித்து, 1955 டிசம்பரில், துன்கு அப்துல் ரகுமான் கெடாவின் பாலிங் நகரில் சின் பெங்கை நேருக்கு நேர் சந்தித்தார். பேச்சு முறிந்தது. ஆயினும் விடுதலைக்குத் தாமே உரியவர் என்ற கிளர்ச்சியாளரின் வாதம் அங்கே வலுவிழந்தது. 1957இல் விடுதலையும் 1960 ஜூலை 31இல் அவசரகாலத்தின் முடிவும் வந்தன. எதிரியோடு அமர்ந்து பேசியவர் அபாயத்தை எளிதாகக் கருதினார் எனல் பொருந்துமா?

இக்கேள்வி பழங்கதையாய் ஒழியவில்லை. விடுதலைப் புலிகளை மலேசியா 2014இல் பயங்கரவாத இயக்கமாகப் பட்டியலிட்டது. அவ்வியக்கத்தோடு தொடர்புடையோர் என 2019 அக்டோபரில் பன்னிருவர் சோஸ்மா சட்டத்தின்கீழ்க் கைது செய்யப்பட்டனர். அவர்களுள் இருவர் சட்டமன்ற உறுப்பினர். போர்க்களத்தில் அவ்வியக்கம் வீழ்ந்து அப்போது பத்தாண்டுகள் ஆகியிருந்தன. 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் வழக்குகள் அனைத்தையும் கைவிட்டார். இடைப்பட்ட மாதங்களைச் சிறையில் கழித்தோர்க்கு அவற்றை மீட்டுத் தருவார் யார்?

வள்ளுவர் அரசியலில் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஆதலின் அபாயத்தை முன்னறிதல் அரசின் கடன் என்பதில் அவருக்கு ஐயமில்லை. எனினும் அதற்கு முன்னரே வெருவந்த செய்யாமையையும் கண்ணோட்டத்தையும் வைத்தார். தகுந்தவாறு ஆராய்ந்து, குற்றத்திற்கேற்ப ஒறுப்பதே அரசு என்பது அவர் நெறி. அஞ்சத்தக்கதைக் கண்டு அஞ்சுதல் அறிவு. அவ்வச்சத்தைக் குடிகள்மேல் இறக்கிவைத்தல் அறிவன்று.

ஆகவே முதலில் குரலெழுப்பியவர் யார் எனக் கேட்பதோடு மாணவர் அமைதல் கூடாது. குற்றவாளியையும் குற்றமற்றவனையும் பிரித்தறிய முயன்றவர் யார் எனவும் கேட்டல் வேண்டும். அபாயத்தை மெய்யாகவே பொருட்படுத்திய தலைவரை அவ்வினாவே காட்டும்.