பரவிய பளுவும் ஒற்றை அம்புக்குறியும்

உத்திரத்தின் மேல் பரவிக் கிடக்கும் பளுவை ஒரே புள்ளிச் சுமையாகத் திரட்டிக்கொண்டு தாங்கிகளின் எதிர்விசையைக் கண்டுபிடிப்பதுதான் பாலிடெக்னிக் மாணவர் முதலில் கற்கும் வழி. இரு முனைகளும் வெறுமனே தாங்கியில் அமர்ந்த 6 மீட்டர் உத்திரத்தில், இடப்பக்க 4 மீட்டர் நீளத்துக்கு மட்டும், மீட்டருக்கு 10 கிலோநியூட்டன் பளு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 40, அதன் மையம் இடமுனையிலிருந்து 2 மீட்டரில். இடமுனையைச் சுற்றித் திருப்புத்திறன் எடுத்தால் வலத் தாங்கிக்கு 13.33, மிச்சம் 26.67 இடத் தாங்கிக்கு. இரண்டே வரியில் வேலை முடிந்தது. இது தோராயமும் அல்ல, துல்லியமான விடை. சமநிலைச் சமன்பாடுகள் கேட்பது பளுவின் மொத்தத்தையும் மையத்தையும் மட்டுமே. ஒரு முனையில் பூஜ்யமாகும் முக்கோணப் பளுவானாலும் மையத்தைப் பளு மிகுந்த முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கில் வைத்தால் போதும், தொகையீடு தேவையில்லை.

கோளாறு விடை கிடைத்த பிறகுதான் தொடங்குகிறது. பரவலை அழித்துவிட்டு வரைந்த அம்புக்குறி படத்தில் அப்படியே நின்றுவிடும். அதே படத்தில் வளைவுத் திருப்புத்திறனையும் கணக்கிட்டால் 26.67 × 2, அதாவது 53.3 கிலோநியூட்டன்-மீட்டர் வரும். உண்மையான உச்சம் இடமுனையிலிருந்து 2.67 மீட்டரில், வெறும் 35.6. பளு முழு நீளத்துக்கும் சீராக இருந்தாலோ வருவது உண்மையான உச்சத்தைப் போல் சரியாக இரு மடங்கு.

கூடுதலாகத்தானே வருகிறது, கொஞ்சம் கம்பி அதிகம் போனால் போகட்டும் என்பார்கள். அந்த ஆறுதல் எல்லா உத்திரத்துக்கும் செல்லாது. ஒரு முனை இறுகப் பிடிக்கப்பட்டு, மறுமுனை தாங்கியில் அமர்ந்த உத்திரத்தில் சீரான பளு இருந்தால், அந்தத் தாங்கிக்குப் போவது மொத்தத்தில் 3/8. நடுவில் புள்ளிச் சுமையாக்கிவிட்டால் 5/16 என்றுதான் வரும். 60 கிலோநியூட்டன் பளுவுக்கு 22.5 வரவேண்டிய இடத்தில் 18.75. எதிர்விசையே, அதுவும் ஆபத்தான பக்கமாக, ஆறில் ஒரு பங்கு குறைகிறது. இங்கே சமநிலை மட்டும் விடை தராது. உத்திரம் எப்படி வளைகிறது என்பதும் கணக்கில் சேர்கிறது. வளைவோ, பளு எங்கெங்கே பரவியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இதையெல்லாம் மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்பது இன்னொரு வாதம். பார்த்துக்கொள்ளும்தான், பளுவைச் சரியாக உள்ளிட்டிருந்தால். ஒரு பூஜ்யம் கூடிப்போனதை அது கேட்காது. எதிர்விசைகளின் கூட்டல் மொத்தப் பளுவுக்குச் சமமா என்று கையால் பார்ப்பவருக்குத்தான் தெரியும். ஆகவே பளுவைத் திரட்டும் இந்த வழியைக் கைவிடச் சொல்வது சரியல்ல. பாடநூல் எழுதுவோர் எதிர்விசையோடு கணக்கை நிறுத்தாமல், பரவலை மறுபடி படத்தில் வரைந்து, அதே கணக்கில் வளைவுத் திருப்புத்திறனையும் கண்டுபிடித்துக் காட்ட வேண்டும்.