எண்ணிக்கை போனபின்

சென்ற ஞாயிறு மாலை கோபாலபுரத்தில் ஒரு நண்பரின் மாடியறையில் ஏழு பேர் கூடி இரண்டு ஜாஸ் இசைத்தட்டுகள் கேட்டோம். ஆல்பர்ட் அய்லர் 1964 ஜூனில் நியூயார்க்கின் செல்லார் கஃபேயில் வாசித்தது ஒன்று. ஆர்னெட் கோல்மன் 1965 டிசம்பரில் ஸ்டாக்ஹோமின் கோல்டன் சர்க்கிளில் வாசித்தது மற்றது. இரண்டும் சிறிய இடங்களில் கேட்பவர் முன்னிலையில் பதிவானவை. இரண்டிலும் மூவர்தான்.

நம் கச்சேரிக்கும் மூவர் போதும்: பாட்டு, வயலின், மிருதங்கம். நல்ல பக்கவாத்தியக்காரர் கூர்ந்து கேட்பவர்தான். ஆனால் அவர் தவறினாலும் தாளம் கையில் இருக்கிறது. சபையே தொடையில் போடுகிறது. அய்லரின் மூவருக்கு அந்தத் துணை கிடையாது. ஸன்னி மர்ரே டிரம்ஸில் காலத்தை எண்ணித் தருவதில்லை. சிம்பல் ஓயாமல் நடுங்குகிறது. கேரி பீகாக்கின் பாஸ் தன் பேச்சைப் பேசுகிறது. எண்ணிக்கை போனபின் மூவரையும் சேர்த்து வைப்பது எது? ஒருவரை ஒருவர் கேட்பதுதான் என்று தோன்றியது.

கோல்மன் தாமே பழகிக்கொண்ட வயலினை எடுத்ததும் நண்பர் ஒருவர் எழுந்து போய்விட்டார். மயிலாப்பூர் சபாக்களில் பழகிய என் காதும் கூசியது. ஆனால் டேவிட் ஐசன்ஸனும் சார்ல்ஸ் மோஃபட்டும் அவரைக் கைவிடவில்லை. அவர்களைப் பின்பற்றித்தான் நானும் உட்கார்ந்திருந்தேன்.

யாப்பை விட்டது பற்றி நாம் நிறையப் பேசியாயிற்று. விட்ட இடத்தில் எதை வைத்தோம்? வீடு திரும்பி என் கவிதைகளை எடுத்துப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் ஒரு வரி அடுத்த வரியைக் கேட்கவே இல்லை.