கார்டு இருக்கட்டும், திரை மாறட்டும்

மானிட்டர் மாற்றப்போகிறேன் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், கூட இருப்பவர்களில் ஒருவராவது, "அதுக்கு உன் கார்டு தாங்குமாடா?" என்று கேட்டுவிடுகிறார். ரிச்சி தெருவில் கடை வைத்திருப்பவர் கேட்டால் நியாயம், அவருக்கு அது வியாபாரம். நண்பர்களும் அதையே கேட்பதுதான் எனக்கு விளங்கவில்லை. 27 அங்குலம், 1440பி, 165 ஹெர்ட்ஸ் ஐபிஎஸ் திரை ஒன்று இன்று இருபதாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது. அதை வாங்கப் போனவர் தலையில் ஐம்பது அறுபதாயிரத்துக்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டையும் கட்டி அனுப்புவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. என் கட்சி வேறு. கார்டை மாற்றுவதென்றால் விளையாட்டுக்காக மாற்றுங்கள், மானிட்டருக்காக வேண்டாம்.

இப்படிப் பேசும் தைரியத்தை எனக்குக் கொடுத்தது என்னிடமுள்ள என்விடியா ஜிடிஎக்ஸ் 1080 டிஐ. 2017 மார்ச்சில் 699 டாலருக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆகஸ்டில் 1200 டாலர் கொடுத்து டைட்டன் எக்ஸ் வாங்கியவர்களின் முகத்தை நினைத்துப் பாருங்கள். அதே ஜிபி102 சிப், அதே 3584 கோர்கள். மெமரிதான் 12 ஜிபிக்குப் பதில் 11, அதுவும் டைட்டனுடையதைவிட வேகமானது. ஏறக்குறைய பாதி விலைக்கு வந்த கார்டு டைட்டனோடு தோளுக்குத் தோள் நின்றது. ஏஎம்டியின் வேகா வரப்போகிறது என்ற பயத்தில்தான் என்விடியா இவ்வளவு தாராளம் காட்டியது என்று அப்போது பேச்சு. வேகா அந்த ஆகஸ்டில் வந்தது. சாதா 1080-உடன் மல்லுக்கட்டவே அதற்கு நேரம் சரியாக இருந்தது.

அந்த 11 என்ற எண்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. முழு ஜிபி102-க்கு 384 பிட் பஸ், பன்னிரண்டு மெமரி சிப். டிஐ-யில் ஒரு கன்ட்ரோலரை அணைத்து 352 பிட்டாக்கினார்கள். கூலரைக் கழற்றிப் பார்த்தால் நடுச் சிப்பைச் சுற்றிப் பதினொரு மெமரி சிப்புகள் உட்கார்ந்திருக்கும். பன்னிரண்டாவதற்கான இடம் ஆளில்லாமல் காலியாக இருக்கும். தெர்மல் பேஸ்ட் மாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு நான் கார்டைப் பிரிப்பதே அந்தக் காலி இடத்தைப் பார்க்கத்தான் என்று வீட்டில் கேலி செய்வார்கள். மறுப்பதற்கில்லை. ஒரு சிப்பைக் குறைத்தும் நொடிக்கு 484 ஜிபி அலைவரிசை வந்தது. ஃபவுண்டர்ஸ் எடிஷனில் டிவிஐ போர்ட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காற்று வெளியேற விட்டார்களே, அந்தச் சின்ன முடிவுகூட எனக்கு அழகாகத்தான் படுகிறது. எங்கே கை வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று தெரிந்தவர்கள் செய்த கார்டு அது.

அடுத்த வருடம் வந்த ஆர்டிஎக்ஸ் 2080-ஐப் பாருங்கள். அறிவித்த விலை அதே 699, வேகம் ஏறக்குறைய அதே, மெமரி 8 ஜிபி. டிஐ வந்து ஆறு வருடம் கழித்து, 2023-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060-க்கும் அதே 8 ஜிபி. பஸ் 128 பிட், அலைவரிசை 272 ஜிபி. கேஷ் பெரிது, அதனால் சமாளித்துவிடும் என்பார்கள். 1080பி-யில் சமாளிக்கிறது, வாஸ்தவம். அதுவும் 115 வாட்டில். மே மாதச் சென்னையில் கதவைச் சாத்திக்கொண்டு 250 வாட் கார்டோடு வாழ்ந்தவனுக்கு அந்த 115-இன் அருமை தெரியும். ஆனால் பேச்சு 1440பி பற்றியது. அங்கே டெக்ஸ்சரை ஹையில் வைத்தால் 8 ஜிபி மூச்சு வாங்கும் விளையாட்டுகள் இப்போதே இருக்கின்றன.

சரி, கணக்குக்கு வருவோம். 1080பி-யில் 20,73,600 பிக்சல், 1440பி-யில் 36,86,400. 1.78 மடங்கு. இதைச் சொல்லித்தான் பயமுறுத்துகிறார்கள். ஆனால் ஒரு ஃப்ரேமுக்கான வேலை முழுவதும் பிக்சல் எண்ணிக்கையோடு ஏறுவதில்லை. ஜியோமெட்ரி, நிழல் மேப், சிபியு செய்கிற வேலை எல்லாம் திரை பெரிதானாலும் அப்படியே இருக்கும். அதனால் 100 ஃப்ரேம் கொடுத்த கார்டு பெரும்பாலும் 56-க்கு விழுவதில்லை, அறுபதுகளில் எங்கோ நின்றுகொள்ளும். சிபியுவே முட்டுக்கட்டையாக இருந்த விளையாட்டுகளில் வித்தியாசம் இன்னும் குறைவு. பழைய ஐ7-ஐ வைத்துக்கொண்டு வருந்துபவர்களுக்கு 1440பி ஒரு வகையில் சலுகை.

இந்தக் கணக்கை நம்பவும் வேண்டாம். திரை வாங்குவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து விடை தெரிந்துகொள்ளலாம். என்விடியா கன்ட்ரோல் பேனலில் டிஎஸ்ஆர் பட்டியலைத் திறந்தால் 1.78 என்று ஒரு வரி இருக்கும். 1080பி திரையில் அதை டிக் செய்தால் விளையாட்டுக்குள் 2560 × 1440 வந்து நிற்கும். கார்டு அத்தனை பிக்சலையும் உண்மையாகவே வரைந்து, பிறகு உங்கள் திரைக்குச் சுருக்கிக் கொடுக்கும். புதுத் திரையின் கூர்மை இதில் தெரியாது. வேகம் அப்படியே தெரிந்துவிடும். ஏஎம்டி கார்டில் இதற்கு விஎஸ்ஆர் என்று பெயர். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நீங்கள் வழக்கமாக ஆடும் விளையாட்டை இப்படி ஆடிப் பாருங்கள். காசு கேட்காத இந்தச் சோதனையைப் பற்றிக் கடையில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அப்படி ஆடும்போது மூலையில் ஃப்ரேம் எண் 72 என்று தெரிந்தால் மனம் சோர வேண்டியதில்லை. 60 ஹெர்ட்ஸ் திரையில் வளர்ந்தவர்களுக்கு 59 என்றாலே வயிற்றைக் கலக்கும். வீ-சிங்க் போட்டிருந்தால் அது நியாயமான பயமும்கூட. கார்டின் வேகத்துக்கேற்பத் திரையே தன் ரெஃப்ரெஷை மாற்றிக்கொள்ளும் அடாப்டிவ் சிங்க் அந்தப் பயத்தைக் கொன்றுவிட்டது. 2013-இல் என்விடியாவின் ஜி-சிங்க் வந்தபோது அதற்கென்று தனி மாட்யூல், தனி விலை. 2014-இன் ஆசுஸ் பிஜி278க்யூ 1440பி, 144 ஹெர்ட்ஸ், டிஎன் பேனல். விலை 799 டாலர். திரையே கார்டைவிட விலை. 2019 ஜனவரியில் ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் மானிட்டர்களுக்கும் புது டிரைவர் ஒன்றில் என்விடியா கதவைத் திறந்தது, 10 வரிசைக் கார்டுகளையும் உள்ளே சேர்த்துக்கொண்டது. அந்த டிரைவரைப் போட்ட அன்று என் டிஐ இன்னொரு முறை பிறந்தது. ஒரு நிபந்தனை: இந்தப் பழைய கார்டுகளில் அது டிஸ்ப்ளேபோர்ட்டில்தான் நடக்கும், எச்டிஎம்ஐ-யில் நடக்காது.

எல்லா செட்டிங்கையும் உச்சத்தில் வைக்கும் அல்ட்ராக்காரர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை, ஒரு கேள்விதான் உண்டு. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-இல் வாட்டர் ஃபிசிக்ஸ் ஸ்லைடரைக் கடைசிவரை தள்ளுகிறீர்களே, ஆற்றங்கரையில் எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள்? அதைப் பாதிக்கு இறக்கி, வால்யூமெட்ரிக்கையும் ஒரு படி இறக்குங்கள். கார்டு பெருமூச்சு விடும், நாயகன் ஆர்தரின் தொப்பியில் ஒரு நூலும் குறையாது. சைபர்பங்க் 2077-இல் ஸ்கிரீன் ஸ்பேஸ் ரிஃப்ளெக்‌ஷனை சைக்கோவில் வைப்பதும் இதே ரகம். ஒவ்வொரு செட்டிங்காக ஏற்றி இறக்கி, கண் எதைக் கவனிக்கிறது என்று பார்த்துப் பார்த்து அமைப்பது ஒரு கலை. ப்ரீசெட்டில் அல்ட்ராவை அமுக்கிவிட்டு அந்தக் கலையை மறந்துபோன தலைமுறை ஒன்று உருவாகிவிட்டது. அவர்களுக்குக் கார்டு எப்போதும் போதாது.

4கே அன்பர்கள் கோபிக்கக் கூடாது. 82,94,400 பிக்சல் 27 அங்குலத்துக்குள் அடைந்து கிடந்தால் எழுத்து அச்சடித்ததுபோல் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். விளையாட்டு ஓடும்போது அந்தக் கூர்மையில் பாதியைக் கேமரா அசைவு தின்றுவிடுகிறது. 240 ஹெர்ட்ஸ்காரர்கள் வேறு சாதி. வேலரன்ட்டும் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-உம் ஆடுபவர்களுக்கு அதில் லாபம் உண்டு, அங்கே தேவைப்படுவதும் பெரும்பாலும் நல்ல சிபியுதான். எல்டன் ரிங் ஆடுபவருக்கோ 60-க்கு மேல் எதுவும் கிடையாது, விளையாட்டே பூட்டு போட்டு வைத்திருக்கிறது. ஓஎல்இடி பற்றி வாதாட மாட்டேன். அந்தக் கறுப்புக்கு முன்னால் ஐபிஎஸ் சாம்பல்தான். டாஸ்க்பார் தழும்பு விழுமோ என்ற கவலையோடு நாள் முழுக்க எக்ஸெல் திறந்து வைத்திருக்க என்னால் முடியாது, அவ்வளவே.

வேகமான திரை புது ஆசையும் அல்ல. பிரவுசிங் சென்டர் காலத்தில் கவுன்டர்-ஸ்ட்ரைக் 1.6 ஆடியவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். கனத்த சிஆர்டி, 800 × 600, ரெஃப்ரெஷை 100 ஹெர்ட்ஸில் வைத்துக்கொடுக்கும் புண்ணியவான் ஒருவர் கல்லாவில் இருப்பார். அந்த வழுக்கல் ஓட்டம் கைக்குப் பழகிவிட்டது. பிறகு எல்சிடி வந்தது. மேசையில் இடம் மிச்சம், மின்சாரம் மிச்சம் என்று எல்லோரும் கொண்டாடினோம். ஓட்டம் 60-க்கு இறங்கியதை யாரும் துக்கம் விசாரிக்கவில்லை. 2009-இல் 120 ஹெர்ட்ஸ் எல்சிடி வந்ததுகூட முப்பரிமாணக் கண்ணாடி விற்பதற்காகத்தான். கண்ணாடி அலமாரிக்குப் போனது, 120 நிலைத்தது.

இன்று ஓட்டத்தையும் இட்டுக்கட்டிக் கொடுக்கிறார்கள். கார்டு வரைவது ஒரு ஃப்ரேம், நடுவே செருகுவது மூன்று. 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070-இல் 4090-இன் வேகம் என்று 2025 ஜனவரி மேடையில் என்விடியா சொன்னது. அந்தச் செருகலைக் கழித்தால் மிச்சம் என்ன என்பது வாங்கியவர்களுக்குத் தெரியும். எண் 200 காட்டும், மவுஸை அசைத்தால் கை 50-இல் இருக்கும். 2022-இன் 4090-க்கு 450 வாட், 2025-இன் 5090-க்கு 575. இவற்றின் மின் கனெக்டர் உருகிய படங்களைப் பார்த்திருப்பீர்கள். டிஐ-யின் பழைய எட்டுப் பின்னும் ஆறு பின்னும் உருகின என்று யாரும் புலம்பிக் கேட்டதில்லை.

என் கார்டுக்கும் எல்லை உண்டு. ஆலன் வேக் 2 வந்தபோது மெஷ் ஷேடர் இல்லாமல் திணறியது. 2024-இல் ஒரு பேட்ச் வந்து ஓரளவு காப்பாற்றியது. இந்தியானா ஜோன்ஸும் டூம்: தி டார்க் ஏஜஸும் ஹார்டுவேர் ரே டிரேசிங் இல்லாமல் திறக்கவே திறக்காது. 2025 அக்டோபரோடு இந்த 10 வரிசைக்கு கேம் ரெடி டிரைவர் நின்றது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும். அந்த விளையாட்டுகள் வேண்டுமென்றால் கார்டு மாற்றத்தான் வேண்டும், உங்கள் திரை 1080பி-யாக இருந்தாலும். மெமரி 12 ஜிபிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், 16 என்றால் உத்தமம்.

மற்றவர்கள் திரையை மட்டும் வாங்குங்கள். பெட்டியில் வரும் கேபிள்களில் டிஸ்ப்ளேபோர்ட்டை எடுத்துச் சொருகுங்கள், மதர்போர்டில் அல்ல, கார்டில். பிறகு விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கைத் திறந்து ரெஃப்ரெஷ் ரேட்டைப் பாருங்கள். பல வீடுகளில் 165 ஹெர்ட்ஸ் மானிட்டர்கள் வாங்கிய நாளிலிருந்து 60-லேயே ஓடிக்கொண்டிருக்கின்றன.